கடை சிறியது, தரவுக் கட்டணம் பெரியது: மும்பை வணிகர்கள் முன் 2027 மே மாதக் கெடு

மும்பை: "உங்கள் சேமிப்பிடம் நிரம்பும் நிலையில் உள்ளது; கூடுதல் இடம் பெறவும்." வாடிக்கையாளர் விவரங்களைக் கணினியிலும் கைபேசியிலும் வைத்துத் தொழில் நடத்தும் சிறு வணிகர்கள் இந்த அறிவிப்பை ஒருமுறையேனும் பார்த்திருப்பார்கள். கடை வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம் ஆகியவற்றின் வரிசையில் இப்போது தரவுக்கான வாடகையும் சேர்ந்துவிட்டது. தாராவியின் தோல் பொருள் பட்டறை முதல் மாட்டுங்காவின் புடவைக் கடை, செம்பூரின் தனிப்பயிற்சி மையம் வரை இதற்கு விலக்கில்லை.

இதுவரை இது செலவுக் கணக்காக மட்டுமே இருந்தது. 2025 நவம்பரில் மத்திய அரசு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை அறிவிக்கை செய்த பிறகு, அது சட்டக் கணக்காகவும் மாறியுள்ளது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியக் கடமைகளுக்கு அந்த விதிகள் 18 மாத அவகாசம் அளித்துள்ளன. அதன்படி 2027 மே மாதத்திற்குப் பின், தேவை முடிந்த வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருப்பதே சட்டப்படி கேள்விக்குரியதாகும். அவ்வாறிருக்க, அந்த விவரங்களுக்காகவே மாதந்தோறும் கூடுதல் இடம் வாங்குவது எந்த வகையில் சரி என்ற வினா எழுகிறது.

வாட்ஸ்அப்பே பேரேடு

சுமார் 600 ஏக்கர் பரப்பில் தோல் பொருள்கள், ஆயத்த ஆடை, மண்பாண்டம், மறுசுழற்சி என நூற்றுக்கணக்கான தொழில்கள் நெருக்கியடித்துக்கொண்டு நடக்கும் இடம் தாராவி. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்து குடியேறிய தமிழர்களின் வழித்தோன்றல்கள் பலர் இன்றும் இங்கு தொழில் செய்கின்றனர். 90 அடிச் சாலையிலும் அதன் சந்துகளிலும் உள்ள பெரும்பாலான பட்டறைகளில் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள், அதாவது சி.ஆர்.எம்., என்ற பெயரில் எதுவும் கிடையாது. அந்த வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. கைப்பை மாதிரியின் நான்கு பக்கப் படங்கள், விலை பேசிய குரல் பதிவு, முன்பணம் செலுத்திய திரைப்பிடிப்பு, ரசீதின் பிடிஎஃப் என ஓர் ஆர்டரின் முழு வரலாறும் அங்கேதான் இருக்கிறது.

ஆண்ட்ராய்டு கைபேசிகளில் வாட்ஸ்அப்பின் காப்புப் பிரதி நெடுங்காலம் கூகுள் கணக்கின் இலவச வரம்பில் சேர்க்கப்படவில்லை. 2023 இறுதியில் தொடங்கி 2024இல் அந்தச் சலுகை படிப்படியாக நீக்கப்பட்டது. இப்போது அந்தப் பிரதியும் 15 ஜிபி இலவச இடத்தில் அடங்க வேண்டும். ஜிமெயில், டிரைவ், புகைப்படங்கள் ஆகிய மூன்றும் பங்குபோடும் இடமும் அதுவே. புகைப்படங்களுக்கு இருந்த வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1ஆம் தேதியே முடிவுக்கு வந்துவிட்டது.

15 ஜிபி நிரம்பினால் காப்புப் பிரதி எடுப்பது நிற்கும் என்பதைப் பலர் அறிவர். மின்னஞ்சல் அனுப்புவதும் பெறுவதும் தடைபடலாம் என்பதைப் பலர் அறிவதில்லை. மின்னஞ்சல் வழியே கொள்முதல் ஆணை பெறும் ஒரு சிறு தோல் பொருள் உற்பத்தியாளருக்கு, பழைய மாதிரிப் படங்கள் அடைத்துக்கொண்ட இடத்தால் புதிய ஆணை வந்து சேராமல் போகும் அபாயம் உண்டு. 100 ஜிபி இடத்திற்கு மாதம் சுமார் 130 ரூபாய் செலுத்தி இந்தச் சிக்கலைத் தள்ளிப்போட முடியும். அந்தத் தொகை பெரிதன்று. உண்மையான செலவு, தொழில் வளர்ந்து முறையான மென்பொருளுக்கு மாறும்போதுதான் தெரிய வருகிறது.

இரண்டு கேபி கணக்கு

சி.ஆர்.எம். நிறுவனங்கள் சேமிப்பிடத்தை அளக்கும் முறை கைபேசியின் முறையிலிருந்து வேறுபட்டது. சந்தையின் பெரிய நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸ், பெரும்பாலான பதிவுகள் ஒவ்வொன்றையும் 2 கேபி என்று கணக்கிடுகிறது. ஒரு பெயரும் கைபேசி எண்ணும் மட்டும் உள்ள பதிவும், பத்துப் பத்தியில் விவரம் உள்ள பதிவும் அதன் அளவுகோலில் ஒன்றே. தனிநபர் கணக்கு என்றால் 4 கேபி. விளம்பரத் திட்டம் என்றால் 8 கேபி. மின்னஞ்சல் போன்ற சிலவற்றுக்கு மட்டும் உள்ளடக்கத்திற்கேற்ப அளவு கணக்கிடப்படுகிறது. படங்களும் கோப்புகளும் தனி வரம்பில் சேரும்.

அந்நிறுவனத்தின் முக்கியப் பதிப்புகளில் ஒரு வணிக அமைப்புக்கு அடிப்படையாக 10 ஜிபி தரவு இடமும், ஒவ்வொரு பயனருக்கும் 20 எம்பி கூடுதலும் தரப்படுகின்றன. 10 ஜிபி என்பது சுமார் 52 லட்சம் பதிவுகள். ஒரு கடைக்கு இது கடல் போலத் தோன்றும். ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை வேறு.

மாட்டுங்காவில் கிங்ஸ் சர்க்கிள் அருகே ஒரு புடவைக் கடை இருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 20,000 வாடிக்கையாளர்கள். ரசீது, நன்றிச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, பண்டிகைத் தள்ளுபடி, அழைப்பு, கருத்துக் கேட்பு என ஒருவருக்கு மாதம் ஆறு தொடர்புகள் மென்பொருளில் பதிவாகின்றன. மாதம் 1.2 லட்சம், ஆண்டுக்கு 14.4 லட்சம். நான்காவது தீபாவளிக்குள் 52 லட்சமும் தீர்ந்துவிடும். வாடிக்கையாளர் எண்ணிக்கை ஒன்றுகூட உயர வேண்டியதில்லை. கடையில் பத்துப் பேர் மென்பொருளைப் பயன்படுத்தினால் கிடைக்கும் கூடுதல் 200 எம்பி, சுமார் ஒரு லட்சம் பதிவுகளுக்கே போதும். அது ஒரு மாதத் தேவைக்கும் குறைவு.

ஆகவே இடத்தை விழுங்குபவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர். அவர்களுக்குக் கடை அனுப்பிய செய்திகளின் தடங்களே விழுங்குகின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன் அனுப்பிய "ஆடித் தள்ளுபடி" செய்தி யார் யாருக்குச் சென்றது என்ற பதிவை எந்தக் கடைக்காரரும் மீண்டும் திறந்து பார்ப்பதில்லை. படங்களின் கதையும் இதுவே. 3 எம்பி அளவுள்ள புடவைப் படம் ஒன்றை ஒவ்வொரு வாடிக்கையாளரின் பதிவிலும் தனித்தனியே இணைத்தால், சுமார் 3,400 இணைப்புகளில் 10 ஜிபி கோப்பு இடம் நிரம்பிவிடும். ஒரே இடத்தில் வைத்து இணைப்பு முகவரியை மட்டும் பகிர்ந்தால் 3 எம்பியோடு முடிந்துவிடும்.

ஐரோலியில் தரவு, டாலரில் விலை

வரம்பைக் கடந்தபின் கூடுதல் இடத்தின் விலை எவ்வாறு அமைகிறது என்பதற்கு மைக்ரோசாஃப்ட் நல்ல எடுத்துக்காட்டு. அந்நிறுவனம் தன் வணிக மென்பொருள்களின் சேமிப்பிடத்தை 2019இல் தரவுத்தளம், கோப்பு, செயல்தடப் பதிவு என மூன்றாகப் பிரித்தது. பட்டியல் விலைப்படி கூடுதல் தரவுத்தள இடம் ஒரு ஜிபிக்கு மாதம் 40 டாலர். செயல்தடப் பதிவுக்கு 10 டாலர். கோப்புக்கு 2 டாலர். அமேசானின் மும்பை மண்டலத்தில் சாதாரணக் கோப்புச் சேமிப்பு ஒரு ஜிபிக்கு மாதம் சுமார் 2.5 சென்ட். தரவுத்தள இடத்தின் விலை அதைப் போல 1,600 மடங்கு.

இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது முழு நியாயமாகாது. தரவுத்தளத்தில் உள்ள பதிவு நொடியில் தேடப்பட வேண்டும். பல பிரதிகளாகக் காக்கப்பட வேண்டும். பிற பதிவுகளோடு பிணைந்திருக்க வேண்டும். கோப்புக் கிடங்கில் இவற்றுக்கெல்லாம் வேலையில்லை. எனினும் வித்தியாசத்தின் பெரும்பகுதி தொழில்நுட்பச் செலவு என்று கருத இடமில்லை. ஒருமுறை உள்ளே வந்த வணிகர் எளிதில் வெளியேறமாட்டார் என்ற நம்பிக்கையும் அந்த விலையில் அடங்கியிருக்கிறது.

நாணய மாற்று விகிதம் இன்னொரு சுமை. 2024 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 83 ரூபாய். 2025 டிசம்பரில் அது 90 ரூபாயைத் தாண்டியது. 40 டாலர் என்பது 3,320 ரூபாயிலிருந்து 3,600 ரூபாயாகிறது. விற்பவர் விலையைத் தொடவே இல்லை. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 4,248 ரூபாய். வழக்கமான முறையில் வரி செலுத்துவோர் இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறலாம். ஆனால் ஆண்டு விற்றுமுதல் குறைவாக உள்ள வணிகர்கள் தேர்ந்தெடுக்கும் தொகுப்பு வரித் திட்டத்தில் அந்த வாய்ப்பில்லை. விலையைத் தொட்டவர்களும் உண்டு: சேல்ஸ்ஃபோர்ஸ் 2025 ஆகஸ்டில் தன் முக்கியப் பதிப்புகளின் பட்டியல் விலையைச் சராசரியாக 6 சதவீதம் உயர்த்தியது.

இத்தனைக்கும் அந்தத் தரவு தொலைதூரத்தில் இல்லை. அமேசான் 2016இலும் கூகுள் 2017இலும் மும்பையில் தங்கள் கிளவுட் மண்டலங்களைத் திறந்தன. நாட்டின் தரவு மையத் திறனில் ஏறத்தாழப் பாதி மும்பை வட்டாரத்தில்தான் உள்ளது. செம்பூரிலிருந்து வாஷி பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் மகாபே, ஐரோலி எனத் தரவு மையக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. சர்வர்கள் அருகில் வந்துவிட்டன. பல நிறுவனங்களின் விலைப்பட்டியல் மட்டும் இன்னும் அமெரிக்காவிலேயே இருக்கிறது.

உள்நாட்டு மாற்று

இந்த இடைவெளியில்தான் தமிழகத்தில் வேர்கொண்ட நிறுவனங்கள் வளர்ந்தன. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, 2005இல் தன் சி.ஆர்.எம். மென்பொருளை வெளியிட்டது. மூன்று பயனர்கள் வரை இலவசப் பதிப்பு உண்டு, கட்டணம் ரூபாயில். மிகச் சிறு வணிகங்களுக்காக பிகின் என்ற எளிய மென்பொருளை அந்நிறுவனம் 2020இல் கொண்டுவந்தது. சென்னையில் 2010இல் தொடங்கப்பட்டு 2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸும் இதே களத்தில் உள்ளது.

2025 செப்டம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தன் அலுவலகப் பணிகளை ஜோஹோ மென்பொருளுக்கு மாற்றுவதாக அறிவித்தார். அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா ஜோஹோ மின்னஞ்சலுக்கு மாறினார். இந்திய வாடிக்கையாளர்களின் தரவு மும்பை, டெல்லி, சென்னை ஆகிய இடங்களில் உள்ள மையங்களிலேயே வைக்கப்படுவதாக அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அப்போது தெரிவித்தார்.

சுதேசி என்பதால் வரம்பு இல்லாமல் போய்விடாது. இங்கும் பதிப்புக்கேற்ற பதிவு வரம்பு, கோப்பு வரம்பு, கூடுதல் இடத்திற்குக் கட்டணம் ஆகியவை உண்டு. டாலர் ஏற்றத்திலிருந்து விடுதலை கிடைக்கும். குப்பையைச் சேர்த்துவைக்கும் பழக்கத்திலிருந்து கிடைக்காது. மென்பொருளை மாற்றும் பல கடைகள் பழைய பதிவுகள் அனைத்தையும் அப்படியே புதிய வீட்டுக்கு ஏற்றிச் செல்கின்றன. அந்த ஒரு வாரம்தான் துப்புரவுக்கு ஏற்ற காலம் என்பதை விற்பனைப் பிரதிநிதிகள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

நீக்கு என்கிறது சட்டம்; வை என்றும் சொல்கிறது

2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, ஒருவர் தன் ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலோ, விவரம் பெறப்பட்ட நோக்கம் நிறைவேறிவிட்டாலோ அந்தத் தனிநபர் தரவை அழிக்க வேண்டும் என்கிறது. வேறொரு சட்டத்தின்படி வைத்திருக்க வேண்டியவற்றுக்கு விலக்கு உண்டு. 2 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களைக் கொண்ட இணைய வணிகத் தளங்கள் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு, பயனர் தொடர்பின்றி மூன்று ஆண்டுகள் கடந்தால் அழிக்க வேண்டும் என விதிகள் காலவரையறை தருகின்றன. மாட்டுங்கா புடவைக் கடைக்கு அப்படி எண் எதுவும் இல்லை. நோக்கம் எப்போது முடிந்தது என்பதைக் கடைக்காரரே தீர்மானித்து, கேட்டால் காரணம் சொல்லவும் வேண்டும்.

அதே விதிகள் தனிநபர் தரவையும் அதனைக் கையாண்டதற்கான செயல்தடப் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்குமாறும் கூறுகின்றன. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டுக் கணக்குத் தாக்கலுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் காக்க வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கணக்கேடுகள் எட்டு ஆண்டுகள். மேலும், 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும். அதை அணைத்துவைக்கவும் அனுமதியில்லை.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முரண்பாடு போலத் தோன்றும். உற்று நோக்கினால், இரு வகைச் சட்டங்களும் ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. ரசீதை வைத்திருக்கச் சொல்வது வரிச் சட்டம். வாடிக்கையாளரின் திருமண நாள், மகளின் பெயர், பிடித்த நிறம் ஆகியவற்றை வைத்திருக்குமாறு எந்தச் சட்டமும் ஆறு ஆண்டுகள் கேட்கவில்லை. சிக்கல் என்னவெனில், பெரும்பாலான கடைகளின் மென்பொருளில் இரண்டும் ஒரே பதிவுக்குள் கலந்து கிடக்கின்றன. பிரித்து வைக்காதவரை, ரசீதுக்காக எல்லாவற்றையும் காப்பதும் அதற்கெல்லாம் வாடகை செலுத்துவதும் தவிர வேறு வழியில்லை.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நிறைந்துள்ள தனிப்பயிற்சி மையங்களுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் தேவை. குழந்தைகளை இலக்காக்கும் விளம்பரத்திற்குச் சட்டம் தடை விதிக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் சில விலக்குகள் உண்டு. ஆயினும் சேராமல் விசாரித்துவிட்டு மட்டும் சென்ற மாணவர்களின் எண்களைப் பல ஆண்டுகள் வைத்திருந்து, ஒவ்வொரு ஜூனிலும் செய்தி அனுப்பும் வழக்கத்திற்கு அந்த விலக்கு குடைபிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் 200 கோடி ரூபாய் வரையும், தரவுப் பாதுகாப்பு ஏற்பாடுகளில் தவறினால் 250 கோடி ரூபாய் வரையும் அபராதம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. இவை உச்சவரம்புகள். மீறலின் தன்மை, விளைவு ஆகியவற்றைக் கருதியே தொகை நிர்ணயிக்கப்படும் என்பதால், சிறு மையங்கள் கோடிகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அலட்சியமாக இருக்கவும் கூடாது.

தாராவியில் பழைய தாளின் மதிப்பு

"பழையதை அழித்துவிடுங்கள்" என்ற அறிவுரையைத் தாராவியில் சொல்வது எளிதன்று. மறுசீரமைப்புத் திட்டத்திற்காக 2024 மார்ச்சில் டிஜிட்டல் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து, அங்கு ஒவ்வொரு பழைய தாளுக்கும் விலை ஏறியிருக்கிறது. 2000 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே அங்கு இருந்ததற்கான சான்று தகுதியைத் தீர்மானிக்கும் நிலையில், கடை உரிமம், மின்கட்டண ரசீது, பழைய கொள்முதல் சீட்டு ஆகியவற்றைத் தேடி அலையும் தொழில் முனைவோர் எதையும் எறிய மனம் வராமல் இருப்பது இயல்பு. பழையதைப் பத்திரப்படுத்தாததால் உரிமை இழந்தவர்களின் கதைகளை மும்பையின் குடிசைப் பகுதிகள் தலைமுறைகளாகக் கேட்டிருக்கின்றன.

ஆனால் அந்தச் சான்றுகள் வணிகருடைய சொந்த ஆவணங்கள். அவை வாடிக்கையாளர் தரவு அல்ல. அவற்றைச் சி.ஆர்.எம். மென்பொருளின் விலையுயர்ந்த இடத்தில் வைக்க வேண்டியதும் இல்லை. ஸ்கேன் செய்த பிரதி ஒரு பென் டிரைவிலும் ஒரு மலிவான கிளவுட் கணக்கிலும், மூலத்தாள் உலோகப் பெட்டியிலும் இருந்தால் போதும். அவற்றையும் 2021இல் கைப்பை விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனவரின் கைபேசி எண்ணையும் ஒரே அச்சத்தோடு காப்பதில்தான் செலவு பெருகுகிறது.

இந்தப் பிரிவினையைச் செய்ய ஆலோசகர் தேவையில்லை. மென்பொருளிலேயே சேமிப்பிடப் பயன்பாட்டைக் காட்டும் பக்கம் இருக்கும். எந்த வகைப் பதிவு அதிக இடம் பிடித்துள்ளது என்பதை அங்கே பார்க்கலாம். பெரும்பாலும் செய்தித் தடங்கள், மின்னஞ்சல் இணைப்புகள், இரட்டைப் பதிவுகள் ஆகியவையே முன்னணியில் இருக்கும். ஒரே வாடிக்கையாளர் "லட்சுமி", "லக்ஷ்மி", "லட்சுமி மேடம்" என மூன்று முறை இருப்பது மும்பையின் பன்மொழிக் கடைகளில் சாதாரணம். இவற்றை ஒன்றாக்கி, ஓராண்டைக் கடந்த செய்தித் தடங்களை நீக்கி, வரிச் சட்டத்திற்குத் தேவையான ரசீதுகளைக் கணக்கு மென்பொருளுக்கு மாற்றினாலே பல கடைகளுக்குக் கூடுதல் இடம் வாங்கும் தேவை எழாது. நீக்குவதற்கு முன் ஒரு முழு ஏற்றுமதிப் பிரதி எடுப்பது அவசியம். சேல்ஸ்ஃபோர்ஸில் அழித்த பதிவுகள் குப்பைத் தொட்டியில் 15 நாள்களே இருக்கும். அதன்பின் திரும்பப் பெறுவது கடினம். அந்தப் பிரதியும் தனிநபர் தரவுதான் என்பதால் அதற்கும் ஓர் அழிவு நாள் குறிக்கப்பட வேண்டும்.

வெளியேறும் கதவு

வணிகர் தன் பங்கைச் செய்தாலும் ஒரு குறை அரசின் பக்கம் எஞ்சி நிற்கிறது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டு முன்வடிவில், ஒருவர் தன் தரவை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லும் உரிமை இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. அந்த உரிமையும் தனிநபருக்கானதே. கிளவுட் சேவை வாங்கும் வணிகருக்கு இந்தியச் சட்டத்தில் அதற்கு இணையான பாதுகாப்பு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தரவுச் சட்டம், கிளவுட் நிறுவனங்கள் வாடிக்கையாளர் வெளியேறுவதைத் தடுக்கக் கூடாது என்கிறது. மாறுவதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் அறவே நீக்கவும் அது ஆணையிடுகிறது.

ஒரே நிறுவனத்தின் ஒரே மென்பொருளைப் பாரிஸிலும் செம்பூரிலும் இருவர் வாங்கினால், பாரிஸ் வணிகர் தன் தரவோடு கட்டணமின்றி வெளியேறச் சட்டம் துணை நிற்கும். செம்பூர் வணிகருக்கு ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளே துணை. தரவுப் பாதுகாப்பு விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வர 2027 மே வரை காலம் இருக்கிறது. அதற்குள் சிறு வணிகர்களுக்கான விளக்கக் குறிப்பு ஒன்றை மராத்தி, இந்தி, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடுவதும், வெளியேறும் உரிமை குறித்துப் பேச்சைத் தொடங்குவதும் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கையில் உள்ளன.